காய்ந்த மேய்ச்சல் நிலத்தில் புல் வேர்பிடிக்க மண்ணைப் பதப்படுத்துதல்

பினாங்கின் செபராங் பிறைப் பகுதியில், தைப்பூசத்தை ஒட்டிய வறட்சியில் மேய்ச்சல் தரை பாளமாகக் காய்ந்ததும் மாடு வளர்ப்போர் கை உர மூட்டையைத்தான் தேடுகிறது. மழைநீரே உள்ளிறங்காத இறுகிய மண்ணில் இட்ட உரம் முதல் மழையிலேயே வாய்க்காலுக்குப் போய்விடும் என்பதால், மண்ணைப் பதப்படுத்துவதே முதல் வேலை.

எதையும் வாங்குமுன், பாக்களவு காய்ந்த மண்கட்டியைக் கண்ணாடிக் குவளையிலுள்ள மழைநீரில் மெல்ல இறக்கி, அசைக்காமல் விடுங்கள். கட்டி உதிர்ந்தும் நீர் தெளிவாக இருந்தால் மக்குச்சத்து குறைவு. பால் கலந்ததுபோல் கலங்கி மணிக்கணக்கில் தெளியாவிட்டால் சோடியம் மிகுதி, அதற்கு ஜிப்சம் உதவும். கடல்நீர் ஏறிய தாழ்நிலங்களுக்கு வெளியே அது பெரும்பாலும் வீண்செலவு. மேட்டுச் செம்மண்ணின் தொல்லை புளிப்பு, அதாவது அமிலத்தன்மை. அதை ஜிப்சம் குறைக்காது, டோலமைட் சுண்ணாம்புதான் குறைக்கும். புளிப்பு கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு 5-க்குக் கீழிருந்தால் சதுர மீட்டருக்கு 200 கிராம், அதாவது ஏக்கருக்குச் சுமார் 800 கிலோ இடலாம். அதே நாளில் யூரியா போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் கலந்துவிடும்.

நிலம் முழுவதும் எருவைத் தூவுவதை நான் பரிந்துரைப்பதில்லை. சரிவுக்குக் குறுக்கே, அரை மீட்டர் இடைவெளியில், 15 சென்டிமீட்டர் ஆழத்தில் சால் பிடித்து, நன்கு மக்கிய சாணத்தையும் அதில் கால்பங்கு உமிக்கரியையும் சாலுக்குள் மட்டும் மண்ணோடு கலந்தால், குறைந்த எருவிலேயே வேரடியில் ஈரம் நிற்கும். உமிக்கரியை அப்படியே இட்டால் மண்ணிலுள்ள சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் என்பதால், இரண்டு வாரம் முன்பே ஈரச் சாணத்தோடு பிசைந்து வைக்க வேண்டும். பச்சைச் சாணமோ களை விதையையும் சேர்த்தே கொண்டுவரும். நீரை உறிஞ்சி வீங்கும் பாலிமர் மணிகளை விற்பவர்கள் தூய நீரில் அளந்த கணக்கைச் சொல்வார்கள். உப்பும் உரமும் கரைந்த மண்ணீரில் அத்திறன் வெகுவாகக் குறையும். பூந்தொட்டிக்குச் சரி, ஏக்கர் கணக்கான நிலத்துக்குக் கட்டுப்படியாகாது.

இவற்றை மார்ச்சுக்குள் முடித்து, ஏப்ரல் மழை மண்ணை நனைத்ததும், ஹுமிடிகோலா என்ற கொடிப்புல்லின் மூன்று கணுவுள்ள தண்டுகளை இரண்டு கணு புதையும்படி ஊன்றிக் காலால் மிதித்து இறுக்குங்கள். சிக்னல் புல்லும் வறட்சி தாங்கும். ஆனால் அது ஆட்டின் ஈரலைக் கெடுத்து, வெயில் பட்ட தோலைப் புண்ணாக்கும் என்பதால், ஆடு வைத்திருப்போர் தவிர்ப்பது நல்லது.

கொடி சால்களுக்கு இடையே படர்ந்து மூடும்வரை வேலியைத் திறக்காதீர்கள். மூடிய பிறகும் ஒரு கொத்தைக் கையால் பிடித்து இழுத்துப் பாருங்கள்: இலை மட்டும் அறுந்தால் மாட்டை விடலாம், வேரோடு வந்தால் இன்னும் சில வாரம் காத்திருக்க வேண்டும்.