வேலியோரத்துப் பழத்தை வோட்காவில் ஊறப்போடுவது எப்படி

இங்கிலாந்தில் வேலிப்புதரில் காய்க்கும் ஸ்லோ என்ற துவர்ப்புப் பழத்தை ஜின்னில் ஊறப்போடுவார்கள். முதல் உறைபனி விழுந்த பிறகு பறித்தால்தான் தோல் தளர்ந்து சாறு இறங்கும் என்பது அவர்கள் கணக்கு. பினாங்கில் உறைபனிக்கு எங்கே போவது? பழத்தை இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்தால் அதே வேலை நடந்துவிடும், எனக்கு ஒவ்வொரு முறையும் நடந்திருக்கிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நாம் எதையும் காய்ச்சப் போவதில்லை. உரிமம் இல்லாமல் காய்ச்சுவது இங்கே குற்றம். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். சம்சு என்கிற மலிவுச் சாராயம் தோட்டப்புறக் குடும்பங்களை என்ன பாடுபடுத்தியது என்று நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் வரி முத்திரை ஒட்டிய, சீல் உடையாத, 40 சதவீத வோட்காவைக் கடையில் வாங்குங்கள். 700 மில்லி போத்தல் ஒன்று போதும்.

சரி, பழம். பினாங்குத் தீவில் பாலேக் பூலாவ் பக்கம் போனால் வேலியைத் தாண்டிச் சாய்ந்து நிற்கும் ஜாதிக்காய் மரங்கள் கண்ணில் படும், முற்றிய பழம் தானாகவே வெடித்துக் கீழே கிடக்கும். மரத்துக்குச் சொந்தக்காரரைக் கேட்டுவிட்டுப் பொறுக்குங்கள். பெரும்பாலும் "எடுத்துக்கோ" என்றுதான் சொல்வார்கள், கேட்காமல் எடுத்தால்தான் வம்பு. மணல் பாங்கான வெயில் இடங்களில் கெமுந்திங் கிடைக்கும். நீலகிரியில் தவிட்டுப் பழம் என்பார்களே, அதேதான்: ரோஸ் நிறப் பூ, தலையில் சின்னக் கிரீடம் வைத்த கருஊதாப் பழம். சாலையோரத்து செரிப் பழம் வாய்க்கு இனிப்பு, ஆனால் வோட்காவில் வாசனையே நிற்காது, அதை விட்டுவிடலாம். தேசியப் பூங்காவிலும் வனக் காப்பகத்திலும் கை வைக்காதீர்கள்.

பெயர் உறுதியாகத் தெரியாத பழத்தைத் தொடவே வேண்டாம். உன்னிச்செடியின் காயும் குன்றிமணியும் வேலியில்தான் படர்கின்றன, நிழலுக்கு வைத்த பொங் பொங் மரத்தின் கொட்டை உயிரையே எடுக்கும்.

ஜாதிப்பழத்தை நறுக்கும்போது கத்தியில் லேசாகப் பிசின் ஒட்டும், வெட்டிய பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகும், பயப்பட வேண்டாம். நமக்கு வேண்டியது வெளிச்சதை. உள்ளே கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலை மாதிரி இருப்பது ஜாதிபத்திரி. அதில் ஒரே ஒரு பழத்துடையதைப் போடுங்கள், அதற்கு மேல் போட்டால் மருந்து வாசனை அடித்துவிடும். கொட்டையைப் போடவே கூடாது. ஜாதிக்காய் அளவு மீறினால் வாந்தியும் தலைசுற்றலும் வரும், வோட்காவில் அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று வீட்டில் அளக்க வழியில்லை.

300 கிராம் சதையை விரல் கனத்துக்கு நறுக்கி, ஒரு ஸ்பூன் உப்பில் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். துவர்ப்புத் தண்ணீர் விடும். கழுவி, துணியில் ஒற்றி, அப்புறம் ஃப்ரீசர். கெமுந்திங் என்றால் உப்பு வேண்டாம், காம்பையும் கிரீடத்தையும் கிள்ளிவிட்டு அப்படியே உறையவிடலாம்.

வெந்நீரில் கழுவி நன்றாகக் காயவைத்த கண்ணாடி ஜாடியில் பழம், 120 கிராம் கற்கண்டு, முழுப் போத்தல் வோட்கா. பழம் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும், மேலே மிதந்து காற்றுப் பட்டால் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சம் படாத அலமாரியில் வைத்து, முதல் வாரம் தினமும் ஒருமுறை ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், கற்கண்டு கரைந்ததும் வாரம் ஒருமுறை போதும். நம் ஊர்ச் சூட்டில் ஆறு வாரத்திலேயே குடிக்கிற பதம் வந்துவிடும். ஆனால் மூன்றாவது மாதம்தான் ஜாதிப்பழத்தின் காரம் அடங்கி வாசனை இதமாக வரும், அதுவரை பொறுப்பதுதான் நல்லது.

பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டுங்கள். துணியைப் பிழியாதீர்கள், தானாகச் சொட்டட்டும், பிழிந்தால் கலங்கிவிடும். பழச்சாறு கலந்ததால் வீரியம் 30 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், ஆனாலும் இனிப்பு அதை மறைத்துவிடும் என்பதால் சின்ன கிளாஸில் ஐஸ் போட்டுக் கொடுங்கள், வண்டி ஓட்டுபவருக்கு வேண்டாம். வடித்த ஜாதித் துண்டுகளைச் சர்க்கரையில் புரட்டி ஐஸ் பெட்டியில் வைத்தால் தீபாவளிக்கு வரும் பெரியவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.