கையடக்க கேம் கன்சோலும் வீட்டு வைஃபையும்: பிளானை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

அம்மாபேட்டையில் அக்கா வீடு. கீழே ஹால், மாடியில் ஒரே ஒரு அறை. அந்த அறையில் உட்கார்ந்து நிண்டெண்டோ ஸ்விட்ச் விளையாடும் அக்கா மகனுக்கு ஒரே புலம்பல். "மாமா, நெட் சரியில்ல. 300 எம்பி பிளானுக்கு மாத்தச் சொல்லுங்க." போய்ப் பார்த்தால், ரூட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால், கேபிள்காரர் ஆணி அடித்த இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பிளானை மாற்றவில்லை. ரூட்டரை மாடிப்படிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உயரத்தில் மாட்டினோம், அவ்வளவுதான்.

வேகத்துக்குப் பணம் கட்டுவதுதான் முதல் தவறு. ஸ்விட்சில் ஆன்லைனில் விளையாட நிண்டெண்டோ பரிந்துரைப்பதே டவுன்லோடுக்கு 3 எம்பிபிஎஸ், அப்லோடுக்கு 1 எம்பிபிஎஸ்தான். புது கேம் ஒன்றை இறக்கும்போது பெரிய பிளான் கைகொடுக்கும். விளையாட்டின் நடுவே திணறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ரூட்டருக்கும் கன்சோலுக்கும் இடையே உள்ள சில அடி தூரத்தில்தான் இருக்கும். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி மூன்றும் அலையைத் தடுப்பவை. நம் வீடுகளில் இந்த மூன்றுக்கும் பஞ்சமில்லை.

அடுத்தது அலைவரிசை. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டுவதில் சோம்பேறி. 2.4 தூரம் போகும், ஆனால் அங்கே அக்கம்பக்கத்து ரூட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு என்று ஒரே கூட்டம். ஸ்விட்ச் இரண்டையும் பிடிக்கும். பி.எஸ்.பி., 3டி.எஸ்., வீட்டா போன்ற பழைய கருவிகளுக்கு 2.4 மட்டும்தான். ரூட்டரில் 2.4-ஐ அணைத்துவிட்டு, "நெட்வொர்க் பேரே காட்டல" என்று கன்சோலைத் திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டால் எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று தெரியும். 2.4-இல் சானலை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக வைத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். இந்த மூன்று சானல்கள்தான் ஒன்றோடொன்று மோதாதவை.

ஏற்காட்டில் நண்பர் ஒருவரின் பழைய கல் வீட்டில் இதன் முழுக் கொடுமையையும் பார்த்தேன். சுவர் ஒன்றரை அடி கனம். ஹாலில் பறக்கும் 5 கிகாஹெர்ட்ஸ், அடுத்த அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. நெட் அடிக்கடி அறுந்ததற்கான பழியையும் அவர் பனிமூட்டத்தின் மேல் போட்டார். வைஃபை அலைக்குப் பனி ஒரு பொருட்டே இல்லை. பனி நாட்களில் கரண்ட் போய்ப் போய் வந்தது, ரூட்டர் ஒவ்வொரு முறையும் அணைந்து எழுந்தது. 12 வோல்ட் ரூட்டர் யுபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்தார், பனியின் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

சுவருக்காகப் பலர் வாங்குவது ரிப்பீட்டர். விலை மலிவான ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் திருப்பிச் சொல்வதால் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும், தாமதமும் கூடும். அதற்குப் பதில் ஒரு லேன் கேபிளை மாடிக்கு இழுத்து, பரணில் கிடக்கும் பழைய ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில், அதாவது கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் வேலையை மட்டும் செய்யும்படி, மாட்டலாம். மறக்காமல் அதன் டிஹெச்சிபி-யை (கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வசதியை) அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு ரூட்டரும் போட்டி போட்டுக்கொண்டு ஐபி முகவரி கொடுக்கும், கன்சோல் எங்கே போவது என்று தெரியாமல் விழிக்கும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கும் தவறு ஒன்று உண்டு. 2004-இல் வந்த நிண்டெண்டோ டி.எஸ்.-க்கு வெப் (WEP) என்ற பழைய வைஃபை பூட்டு மட்டும்தான் தெரியும், அதற்குப் பின் வந்த டபிள்யூபிஏ (WPA) பூட்டு தெரியாது. அந்தப் பூட்டு 2001-லேயே உடைபட்டுவிட்டது. சித்தப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டி.எஸ். ஒன்றுக்காக வீட்டு வைஃபையையே வெப்புக்கு மாற்றினால், அல்லது பாஸ்வேர்டையே எடுத்துவிட்டால், பேங்க் ஆப் ஓடும் போன்களும் அதே திறந்த வாசலில்தான் நிற்கும். அப்படித் திறந்தும் பயன் கொஞ்சம்தான். டி.எஸ்.-க்கான நிண்டெண்டோவின் ஆன்லைன் சேவை 2014 மே மாதமே மூடப்பட்டுவிட்டது. இரண்டு டி.எஸ். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட ரூட்டரே வேண்டாம், அவை நேராகப் பேசிக்கொள்ளும். பி.எஸ்.பி.-யின் அட்ஹாக், ஸ்விட்சின் லோக்கல் ப்ளே எல்லாம் இதே கதைதான். இது தெரியாமல் லீவுக்கு வந்த பசங்களுக்காக ரூட்டர் செட்டிங்கை ராத்திரி முழுக்க நோண்டியவர்களில் நானும் ஒருவன்.

புது ரூட்டர்களில் சிக்கல் எதிர்த்திசையில் வரும். ரூட்டரை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் 3டி.எஸ்., வீட்டா உள்ளே வராது. டபிள்யூபிஏ2-வும் 3-உம் கலந்த மோட் போதும்.

எல்லாம் சரியாக இருந்தும் நண்பரோடு சேர முடியவில்லையா? ஸ்விட்சில் இன்டர்நெட் செட்டிங்கில் கனெக்ஷன் டெஸ்ட் ஓட்டினால் நாட் (NAT) வகை, அதாவது ரூட்டர் உங்கள் கன்சோலை வெளி இணையத்தோடு சேர்க்கும் விதம், ஓர் எழுத்தாக வரும். ஏ, பி என்றால் கவலை இல்லை. டி வந்தால் சில பேரோடு இணைய முடியாமல் போகலாம். உடனே போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து கன்சோலுக்கு ரூட்டரில் கதவு திறந்துவிடுவது) வீடியோக்களைத் தேடாதீர்கள். முதலில் ரூட்டரின் செட்டிங் பக்கத்தில் வேன் (WAN) ஐபி-யை, அதாவது இணைப்பு கொடுத்தவர் ரூட்டருக்குத் தந்த முகவரியை, பாருங்கள். அது 100.64-இலிருந்து 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள் என்று பொருள். உங்கள் வீட்டில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியே கதவு சாத்தியேதான் இருக்கும். இணைப்பு கொடுத்தவரிடம் பொது ஐபி கிடைக்குமா, மாதம் எவ்வளவு கூடுதல் என்று கேட்பதுதான் வழி. அக்கா மகனுக்கு டெஸ்டில் பி வந்தது, அதனால் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. பீரோவை மட்டும் அக்கா இன்னும் நகர்த்த விடவில்லை.