நாள் முழுக்க நடக்க ஸ்னீக்கர் வாங்குகிறீர்களா?
போட்டதும் மெத்தென்று அமுங்கும் ஸ்னீக்கரை உடனே நம்பிவிடாதீர்கள். பல மணி நேரம் நடக்க மென்மையைவிடப் பாதத்தைத் தாங்கும் உறுதிதான் முக்கியம். ஷூவின் இரு முனையையும் பிடித்து மடக்கிப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் வளைந்தால் சரி. நடுவில் இரண்டாக மடிந்தாலோ, ஈரத்துணி மாதிரி முறுக்க வந்தாலோ வேண்டாம்.

கடைக்கு மாலையில் போங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். வழக்கமாகப் போடும் சாக்ஸோடு இரண்டு காலிலும் மாட்டி எழுந்து நில்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பலரும் நீளத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அகலம் போதாவிட்டாலும் கொப்புளமும் விரல் வலியும் வரலாம். உள்ளே கழற்றக்கூடிய இன்சோல் (பாதத்துக்கு அடியில் இருக்கும் உள் அட்டை) இருந்தால் எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். பாதம் ஓரத்தைத் தாண்டினால் அந்த ஷூ உங்களுக்கானது இல்லை. “போடப் போடச் சரியாகிவிடும்” என்று கடையில் சொன்னாலும் வாங்காதீர்கள்.

அப்புறம், கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடங்கள், படி இருந்தால் இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது விரல் முன்னால் இடித்தாலோ, ஏறும்போது குதிகால் கழன்று வந்தாலோ வேறு அளவு கேளுங்கள்.