மானாமதுரைப் பானையோட்டை மைக்ரோ சிடி எடுப்பது எப்படி?

மண்பாண்டத்தை வெட்டாமலேயே அதன் சுவருக்குள் இருக்கும் மணலையும் நுண்துளைகளையும் எரிந்துபோன உமியின் தடத்தையும் பார்க்க உதவும் கருவி மைக்ரோ சிடி; சிடி ஸ்கேன் போலவே, பல கோணங்களில் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படங்களிலிருந்து உள்ளமைப்பைக் கணக்கிட்டுக் காட்டும். மருத்துவமனையில் நோயாளி படுத்திருக்க எக்ஸ்-கதிர்க் குழாய் அவரைச் சுற்றி வரும். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக் கருவிகளில் பெரும்பாலும் குழாய் அசையாமல் நிற்க, மாதிரிதான் சுழலும். மதுரை வட்டாரத்துக் கல்லூரிகளில் தொல்லியலோ இயற்பியலோ பயில்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். உங்கள் வளாகத்தில் இக்கருவி இல்லையென்றால், ஆய்வுக் கருவிகளைப் பகிர்ந்துகொள்வதற்கான ஐ-ஸ்டெம் வலைவாசலில் தேடி வேறு நிறுவனத்தில் முன்பதிவு செய்யலாம்.

முதல் படி: ஓட்டைத் தேர்ந்தெடுத்தல்

பயிற்சிக்குக் கீழடி போன்ற அகழாய்வில் கிடைத்த ஓட்டைக் கேட்காதீர்கள். அதன் அருமை மட்டுமே இதற்குக் காரணம் அன்று. வெப்ப ஒளிர்வு முறையில் காலம் கணிக்க வேண்டிய ஓட்டின் மீது எக்ஸ்-கதிர் பட்டால், மண்ணுக்குள் அது நெடுங்காலம் வாங்கிச் சேர்த்த கதிர்வீச்சோடு நாம் கொடுத்ததும் கூடி, உண்மையைவிட அதிக வயதைக் காட்டிவிடும். அத்தகைய ஓட்டை ஸ்கேன் செய்வதாயின், காலக் கணிப்புக்கென ஒரு துண்டை முன்கூட்டியே எடுத்து வைப்பதே முறை. மானாமதுரையில் வாங்கிய சட்டி ஒன்று வீட்டில் உடைந்திருந்தால் பயிற்சிக்கு அதுவே போதும்.

இரண்டாம் படி: துண்டின் அளவு

விளக்கருகே கையைக் கொண்டுபோனால் சுவரில் நிழல் பெரிதாவது போலத்தான் இங்கே உருப்பெருக்கம் கிடைக்கிறது. மாதிரி குழாய்க்கு எவ்வளவு நெருங்குகிறதோ, அவ்வளவு பெரிய நிழல், கதிரைப் படமாகப் பதியும் டிடெக்டரில் விழும். ஆனால் அந்த நிழல் டிடெக்டரின் அகலத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே மாதிரியின் அகலத்தை டிடெக்டரின் பிக்சல் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வாக்ஸலின் (முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கட்டத்தின்) அளவு ஏறத்தாழத் தெரிந்துவிடும். 2,000 பிக்சல் அகலமுள்ள டிடெக்டரில் 20 செ.மீ. சட்டியை முழுதாக வைத்தால் 100 மைக்ரான், 20 மி.மீ. துண்டை வைத்தால் 10 மைக்ரான். நுண்துளைகளைப் பார்க்க விரும்புபவர் முழுச் சட்டியோடு வந்து நிற்பதில் பயனில்லை.

மூன்றாம் படி: பொருத்துதல்

புதிதாக வருபவர்கள் மென்பொருளுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட இந்தப் படிக்குக் கொடுப்பதில்லை. என் கணிப்பில் படம் தேறுவதும் தேறாததும் பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடுகிறது. 10 மைக்ரான் படத்தில், ஸ்கேனின் நடுவே ஓடு ஒரு முடியின் தடிமன் அளவு நகர்ந்தாலும் ஓரங்கள் இரட்டையாகத் தெரியும். தெர்மோகோலில் ஓட்டின் வடிவத்துக்குப் பள்ளம் தோண்டி, அதில் இறுக்கமாகச் செருகி, அந்தத் தெர்மோகோலை மேடையில் ஒட்டுங்கள். தெர்மோகோல் எக்ஸ்-கதிரை அநேகமாகத் தடுக்காது என்பதால் படத்தில் குறுக்கிடாது. உலோகக் கவ்வியோ ஊசியோ கூடவே கூடாது. தட்டையான ஓட்டை நீள்வாக்கில் நிறுத்திச் சிறிது சாய்த்து வையுங்கள். படுக்கையாக வைத்தால், எல்லாக் கோணங்களிலும் கதிர் ஓட்டின் முழு அகலத்தையும் ஊடுருவ வேண்டியிருக்கும்.

மதுரை வெயிலில் பேருந்தில் கொண்டுவந்த ஓட்டைக் குளிரூட்டிய அறையில் உடனே ஏற்றாமல், அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை விட்டுவைப்பது நல்லது. பச்சையான மாதிரியில், ஸ்கேனின் நடுவே உருவம் மாறும் சிக்கல் இன்னும் பெரிது: மல்லிகை மொட்டை அப்படியே வைத்தால், ஸ்கேன் முடிவதற்குள் அது வாடிச் சுருங்கிவிடும் என்பதால், எத்தனாலில் பதப்படுத்திய பிறகே எடுக்க வேண்டும்.

நான்காம் படி: கதிரின் அமைப்புகள்

கதவு பூட்டியிராவிட்டால் எக்ஸ்-கதிர் எழாதபடி கருவி அமைக்கப்பட்டிருக்கும். உங்கள் மீது படும் கதிர்வீச்சை அளக்க ஆய்வுக்கூடம் தரும் பேட்ஜையும் அணிந்துகொள்ளுங்கள். ஒரு செ.மீ. தடிமனுள்ள ஓட்டுக்கு 100 கிலோவோல்ட் அளவில் தொடங்கலாம். மொட்டுக்கு 40 அல்லது 50 போதும். மிகத் தடித்த திசையிலும் கதிரில் பத்தில் ஒரு பங்காவது டிடெக்டரை எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டினாலும், ஆற்றல் குறைந்த கதிர்கள் ஓட்டின் விளிம்பிலேயே உறிஞ்சப்படுவதால், விளிம்பு வெளுத்தும் நடுப்பகுதி கறுத்தும் பொய்யான தோற்றம் உண்டாகும். குழாயின் முன் மெல்லிய செம்புத் தகட்டை வைத்து அக்கதிர்களை முன்பே வடிகட்டினால் இது பெரிதும் குறையும்.

அடுத்து, கதிரை அணைத்து ஒரு படமும், மாதிரியை விலக்கிக் கதிரோடு ஒரு படமும் எடுங்கள். டிடெக்டரின் பிக்சல்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வை இவை சரிசெய்யும். விட்டுவிட்டால் குறுக்குவெட்டில் வட்ட வட்டமாக வளையங்கள் தோன்றும்.

ஐந்தாம் படி: எடுத்தலும் பார்த்தலும்

மாதிரி 2,000 பிக்சல் அகலத்தை நிரப்பினால், முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 3,100 படங்கள் தேவை; படத்துக்கு ஒரு விநாடி என்றாலும் ஒரு மணி நேரத்தை நெருங்கும். இப்படங்களிலிருந்து குறுக்குவெட்டுகளை உருவாக்கும் வேலையைப் பெரும்பாலான கருவிகள், 1984-இல் ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் ஆகிய மூவர் வெளியிட்ட முறையைத் தழுவியே செய்கின்றன. கிடைத்த குறுக்குவெட்டுகளின் அடுக்கை ஃபிஜி, 3டி ஸ்லைசர் போன்ற இலவச மென்பொருளில் திறக்கலாம்.

வெண்ணிறப் புள்ளிகள் அடர்த்தி மிகுந்த தாதுக்கள், கறுப்பு வெற்றிடம். நீண்ட துளைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று முதலில் கவனியுங்கள். சக்கரத்தில் வனைந்த பாண்டத்தில், குயவரின் கை களிமண்ணை மேலே இழுக்கும்போதே சக்கரமும் சுழல்வதால், துளைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நீள்வது வழக்கம்.

ஒரு முழு அடுக்கு 16 ஜிபி வரை வரும் என்பதால் பென் டிரைவை நம்பிப் போகாமல் எஸ்எஸ்டி ஒன்றைக் கொண்டுசெல்லுங்கள். குறுக்குவெட்டுகளைச் சரிபார்த்து முடிக்கும்வரை மூலப் படங்களை அழிக்க வேண்டாம். சுழற்சி மையம் சற்றே பிசகியிருந்தாலும், அவற்றிலிருந்து மறுபடி கணக்கிட்டுச் சீர்செய்துவிடலாம்.