சென்னையில் இருந்துகொண்டே கோவையில் வீடு வாங்கி வாடகைக்கு விடுவது எப்படி?

வேலை சென்னையில். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, ஆனால் சென்னையில் வீட்டு விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. கோயம்புத்தூரில் ஒன்று வாங்கிப் போட்டால் மாதாமாதம் வாடகையாவது வருமே என்று யோசிக்கிறீர்களா? அப்படி முதல்முறையாக இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருச்சி, மதுரை, ஓசூர் என்று எந்த ஊருக்கும் இதே வரிசைதான்.

படி 1: முதலில் ஆள், அப்புறம் வீடு

எல்லோரும் முதலில் விளம்பரங்களைத்தான் பார்க்கிறார்கள். நான் வேறு மாதிரி சொல்வேன். மோட்டார் ஓடவில்லை என்று குடித்தனக்காரர் ராத்திரி போன் செய்தால், மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்க அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? இதற்குப் பதில் கிடைத்த பிறகு வீடு தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்த ஊரை விட்டுவிடுங்கள்.

சொந்தக்காரர் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். முதல் ஆறு மாதம் நல்லதுதான். அவரிடம் காசு பேச முடியாது. பேசாமல் விட்டால் நாலாவது குழாய் ரிப்பேருக்குக் கூப்பிட நமக்கே கூச்சமாக இருக்கும். பக்கத்திலேயே குடியிருக்கும், ஓய்வு பெற்ற ஒருவரிடம் மாதம் இவ்வளவு என்று பேசி வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். வீடு வாங்கும் முன்பே அவருக்கு ஒரு சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள்: ‘இந்த நாலு தெருவில் டூ-லெட் போர்டு எத்தனை தொங்குகிறது, என்ன வாடகை சொல்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.’ என்ன தகவல் வருகிறது, எப்போது வருகிறது என்பதிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

படி 2: காகிதத்தில் கணக்கு போடுங்கள்

உதாரணத்துக்கு, 55 லட்சத்துக்கு ஒரு பழைய இரண்டு படுக்கையறை ஃப்ளாட், வாடகை 16,000 என்று வைத்துக்கொள்வோம். மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்துத் தமிழ்நாட்டில் 9 சதவீதம். ஆகவே உண்மையான விலை ஏறக்குறைய 60 லட்சம்.

ஆண்டு வாடகை 1,92,000. வருடத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 16,000 போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தரகருக்கு ஒரு மாத வாடகை என்றால் வருடத்துக்கு 8,000. வீட்டு வரி 5,000, ரிப்பேர் 15,000, பார்த்துக்கொள்பவருக்கு 12,000, நீங்கள் போய்வர 6,000. கடைசியில் நிற்பது 1,30,000. போட்ட பணத்துக்கு 2 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். வங்கி டெபாசிட்டே இதைவிட அதிகம் தரும்.

கடன் வாங்கினால் இன்னும் இடிக்கும். 40 லட்சம், 20 வருடம், 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 34,700. வாடகை அதில் பாதிகூட இல்லை. மீதியைச் சம்பளத்திலிருந்து வருடக்கணக்கில் போட முடியுமா என்று பாருங்கள். ‘வாடகையே தவணையைக் கட்டிவிடும்’ என்று சொல்லும் விற்பனையாளரிடம் இந்தக் கணக்கை நீட்டுங்கள். இடத்தின் மதிப்பு ஏறும் என்ற நம்பிக்கையும் சேர்ந்தால்தான் இது முதலீடு. வாடகையை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

படி 3: யார் குடிவருவார்கள் என்று பார்த்து ஏரியாவைத் தேர்ந்தெடுங்கள்

சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் ஐடி ஆட்கள். பீளமேட்டில் கல்லூரி, மருத்துவமனை, விமான நிலையம் எல்லாம் கைக்கெட்டும் தூரம், வீடு காலியாகக் கிடப்பது குறைவு, விலையும் அதற்கேற்றாற்போல. வடவள்ளிப் பக்கம் பாரதியார் பல்கலைக்கழகமும் வேளாண் பல்கலைக்கழகமும் எட்டும் தூரம்; குடும்பங்கள் வந்தால் நாலைந்து வருடம் நகராமல் இருப்பார்கள்.

தனி வீடா, ஃப்ளாட்டா? தனி வீட்டில் நிலம் முழுக்க நம்முடையது, அதன் மதிப்புதான் ஏறும். ஆனால் தென்னை மட்டை விழுந்து ஓடு உடைந்தாலும், காம்பவுண்டு ஓரம் யாராவது குப்பை கொட்டினாலும் நாம்தான் ஓட வேண்டும். முதல் வெளியூர் வீட்டுக்கு, வாட்ச்மேனும் ஒழுங்காக நடக்கும் குடியிருப்போர் சங்கமும் உள்ள சின்ன அடுக்ககம் போதும் என்பது என் எண்ணம்.

படி 4: நேரில் போய்ப் பார்க்கும்போது

வீடியோ கால் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரு முறையாவது நேரில் போங்கள், அதுவும் சாயங்காலம் ஏழரை மணிக்கு மேல். எதிர்ப்புறம் நின்று அந்த அடுக்ககத்தில் எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் இருட்டாக இருந்தால், உங்கள் வீட்டுக்கும் ஆள் பிடிப்பது கஷ்டம்.

உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழே உள்ள கூரையில் மஞ்சள் கறை இருக்கிறதா? அந்த மூலைக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்களா? அப்படியென்றால் கறையை மறைத்திருக்கிறார்கள், ஒழுகல் அப்படியே இருக்கும்.

கடைசி ஆறு மின் கட்டண ரசீதுகளைக் கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு ரசீது என்பதால் ஒரு வருடக் கதை அதில் இருக்கும். ‘எப்பவும் ஆள் இருப்பாங்க’ என்று சொல்லும் வீட்டில் யூனிட் ஒற்றை இலக்கத்தில் இருந்தால் புரிந்துகொள்ளலாம். அப்புறம் தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் பேசுங்கள். யார் வந்தார்கள், ஏன் காலி செய்தார்கள், மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எல்லாம் அவருக்குத் தெரியும்.

படி 5: பத்திரம்

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தை, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியலை, நீங்களே காசில்லாமல் பார்க்கலாம். 30 வருடத்துக்குப் பாருங்கள். வங்கியில் பத்திரத்தை அடமானம் வைத்துப் பதிவு செய்திருந்தால் அதிலேயே தெரியும். தாய்ப் பத்திரம் (சொத்து இதற்கு முன் கைமாறிய பழைய பத்திரம்), பட்டா, கட்டட அனுமதி, உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு (அடுக்ககம் நிற்கும் மொத்த நிலத்தில் உங்கள் பாகம்) இவற்றின் விவரங்களை அந்த ஊர் வக்கீல் ஒருவரிடம் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குங்கள். விற்பவர் சிபாரிசு செய்யும் வக்கீல் வேண்டாம். புதுக் கட்டுமானம் என்றால் ரேரா (கட்டுமானத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையம்) பதிவு எண்ணையும் சரிபாருங்கள்.

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்திலிருந்து 1 சதவீத வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு. நம் உதாரணத்தில் 55,000. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடிக்க வேண்டிய விகிதமே வேறு. ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பதிவு முடிந்ததும் வீட்டு வரி, குடிநீர், மின் இணைப்பு மூன்றையும் பெயர் மாற்றிவிட்டுத்தான் ரயில் ஏற வேண்டும். தள்ளிப்போட்டால் அதற்காகவே இன்னொரு பயணம்.

படி 6: குடிவைப்பது

2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். பதியாத ஒப்பந்தம் தகராறு வரும்போது கைகொடுக்காது. வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது.

சாவி கொடுக்கும் அன்று ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்துக் குடிவருபவருக்கும் அனுப்பிவிடுங்கள். ஒரு தொகையைச் சொல்லி, அதற்குள் அடங்கும் ரிப்பேரை அவரே செய்து ரசீது அனுப்பினால் வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பாதி போன் அழைப்புகள் இதிலேயே குறைந்துவிடும். பார்த்துக்கொள்பவருக்குப் பவர் (உங்கள் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுப்பதானால் வாடகைக்கு விடவும் வசூலிக்கவும் மட்டும்; விற்கும் அதிகாரம் அதில் இருக்கவே கூடாது.

படி 7: வருமான வரி

கட்டிய வீட்டு வரியைக் கழித்தபின் மீதி வாடகையில் 30 சதவீதம் கழிவு உண்டு, ரசீது எதுவும் காட்ட வேண்டாம். கடன் வட்டியையும் கழிக்கலாம். வட்டி அதிகமாகி நஷ்டம் வந்தால், பழைய வரிமுறையில் வருடத்துக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் ஈடுகட்டலாம். புதிய வரிமுறையில் அது கிடையாது. எந்த முறை லாபம் என்பதை, வருடத் தொடக்கத்தில் அலுவலகத்தில் கேட்கும்போதே ஆடிட்டரிடம் பேசி முடிவு செய்துவிடுங்கள்.