பெருமூளை வாதக் குழந்தையை அங்கன்வாடியில் உட்கார வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்கள், எங்களைப் போன்றவர்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். அடிக்கக் கூடாது, கேலி பேசக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். பாசத்தோடு செய்யும் தவறுதான் பிடிபடுவதில்லை.

சுவரோரம் சாய்த்து வைப்பது

மூன்றரை வயதுப் பையன், பெருமூளை வாதத்தால் (மூளை பாதிப்பால் உடல் அசைவைக் கட்டுப்படுத்த முடியாத நிலை) கால் தசைகள் இறுக்கம். மற்ற பிள்ளைகள் பாயில் வட்டமாக இருக்க, "விழுந்துடுவான்" என்று இவனை மட்டும் சுவரில் சாய்த்துக் காலை நீட்டி வைத்திருப்பார்கள். தொடையின் பின்தசை இழுப்பதால் இடுப்பு பின்னால் சரியும், முதுகு கூனும், கொஞ்ச நேரத்தில் வழுக்கிவிடுவான். இரண்டு கையும் தரையில் ஊன்றவே சரியாக இருக்கும். மணி கோர்ப்பது எப்படி? கடைசியில் "ஆர்வம் இல்லை" என்று பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். இதைப் பார்த்தால் இன்னமும் ஆத்திரம் வருகிறது. அவனுக்கு ஆர்வம் இருக்கிறது, கைதான் ஒழியவில்லை.

சின்ன நாற்காலி போதும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் 90 டிகிரியில் மடங்க வேண்டும். பாதம் தொங்கினால் கீழே மணைப்பலகை போடுங்கள். இருக்கையின் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். தொடைகள் ஒட்டிக்கொண்டால் சுருட்டிய துண்டை இடையில் வையுங்கள். நாற்காலியோடு சேர்த்துக் கட்டும் பட்டையைத் தொடை மடிப்பில் கட்டுங்கள். வயிற்றில் கட்டினால் அவன் வழுக்கும்போது நெஞ்சுக்கு ஏறிவிடும். மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும்.

அதே மேசையைச் சுற்றி இன்னும் மூன்று நான்கு பிள்ளைகளும் உட்கார வேண்டும். இவன் மட்டும் நாற்காலியில், மற்றவர்கள் பாயில் என்றால் பழைய சுவரோரம்தான். அரை மணிக்கு ஒருமுறை நிலையை மாற்றுங்கள்.

கால்களை இருபுறமும் பின்னுக்கு மடித்து உட்கார விடுவது

வேண்டாம். இடுப்பு மூட்டு உள்பக்கம் திரும்பும்.

மடியில் மல்லாத்தி ஊட்டுவது

தலை பின்னால் சாய்ந்தால் சாதம் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். நிமிர்ந்து உட்கார்ந்து, தாடை லேசாகக் கீழே இருக்க, எதிரில் இருந்து அரைக் கரண்டியாக ஊட்டுங்கள். அவித்த முட்டையின் மஞ்சள் கரு தொண்டையில் ஒட்டும், சாதத்தோடு குழைத்துவிடுங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். சாப்பிடும்போது இருமல், குரலில் களகளப்பு, அடிக்கடி சளிக் காய்ச்சல் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

"தெரபிக்குத்தான் போகிறானே" என்று விட்டுவிடுவது

அது வாரத்தில் ஓரிரு நாள். மற்ற நாட்களில் அவன் இடம் அங்கன்வாடி.

பலகையை ஒரே அளவிலேயே விட்டுவிடுவது

பிள்ளை வளர்வான், பலகை வளராது. மாதாமாதம் எடை, உயரம் எடுக்கும் நாளில் முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரையும் அளந்து பலகையை மாற்றுங்கள்.