மோதிர விரலின் பக்கவாட்டு எக்ஸ்ரே: மூட்டு இடைவெளி மூடித் தெரிந்த சிக்கல்

மோதிர விரலைப் பக்கவாட்டில் எடுத்தால் மட்டும் நடு மூட்டின் இடைவெளி மூடிக்கொண்டே வந்தது. எலும்பின் ஓரமும் மங்கல். அதே அறையில் எடுத்த ஆள்காட்டி விரல் படங்களோ துல்லியம்.

முதலில் கேவி-யை (எக்ஸ்ரே குழாய்க்குத் தரும் மின்னழுத்தம், கிலோவோல்ட்டில்) 55-லிருந்து 50-க்குக் குறைத்தோம். கான்ட்ராஸ்ட் சற்று மாறியது, அவ்வளவுதான். வேறு கேசட்டில் (படம் பதிவாகும் தட்டையான பெட்டி) எடுத்தாயிற்று. நோயாளி அசைகிறாரோ என்று முன்கையில் மணல்பை வைத்தோம். ம்ஹூம்.

அப்புறம் குனிந்து, மேசை மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. மேலிருந்து பார்த்தால் விரல் நேர்தான். பக்கத்திலிருந்து பார்த்தால் நுனி கேசட்டை நோக்கிச் சரிந்திருந்தது. ஆள்காட்டி விரலைக் கட்டைவிரல் பக்கம் கீழாக வைத்தால் கேசட்டிலேயே படிந்துவிடும். மோதிர விரலைச் சுண்டுவிரல் பக்கம் கீழாக வைத்தாலும் அந்தரத்தில்தான் நிற்கும். சரிந்த விரலின் மூட்டுக்குள் கதிர் நேராக நுழையாது.

விரலுக்கு அடியில் ஃபோம் துண்டு ஒன்றைச் செருகி, கேசட்டுக்கு இணையாக்கினோம். கதிரின் மையம் நடு மூட்டில், எக்ஸ்ரே குழாய்க்கும் கேசட்டுக்கும் தூரம் 100 செ.மீ. இடைவெளி பளிச்சென்று திறந்தது. அப்பாடா!

மங்கல் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. கன்சோலில் 'விரல்' புரோகிராம் பெரிய ஃபோகஸில் (குழாய்க்குள் கதிர் கிளம்பும் புள்ளி) கிடந்தது; விரல் கேசட்டை விட்டு உயர்ந்திருக்கும்போது அதன் பாதிப்பு அப்பட்டமாகத் தெரியும். சிறிய ஃபோகஸுக்கு மாற்றியதும் எலும்புக்குள் இருக்கும் மெல்லிய வலைப்பின்னல்கூடத் தெரிந்தது.

ஃபோம் வைத்தும் எலும்பு முனையின் குமிழ்கள் முன்பின்னாக விலகி இரண்டாகத் தெரிந்தால் விரல் உருண்டிருக்கிறது. அதற்குக் கையையே திருப்பி வைக்க வேண்டும்.